இறுக்க உடையா, தசைக்கு வேலை தரும் விளையாட்டா?

மூட்டுகள் இயல்பைவிட அதிகம் வளையும் சிறு குழந்தைகளில் சிலருக்கு, கை கால்களின் நிலையை மூட்டுகளிலிருந்தும் தசைகளிலிருந்தும் மூளைக்குச் சொல்லும் உணர்வு மங்கலாக இருப்பதால், அவர்கள் உட்கார்ந்த இடத்தில் நெளிவதும், பொருள்களில் மோதுவதும், பென்சிலை அளவுக்கு மீறி அழுத்துவதும் உண்டு. இதைக் குறும்பு என்று கண்டிப்பது அநீதி.

உடலோடு ஒட்டிய இறுக்க உடை, இடைவிடாத அழுத்தம் தந்து சில குழந்தைகளுக்கு உடனே நிதானம் தருகிறது. ஆனால் தொடுவுணர்வு கூர்மையான குழந்தைக்கு அதன் தையலே தொல்லையாகும், கழற்றியபின் பயன் நீடிப்பதும் உறுதியில்லை. தள்ளுதல், இழுத்தல், ஏறுதல் போன்ற விளையாட்டுகளோ கை கால்களின் நிலையைச் சொல்லும் அந்த உணர்வை ஊட்டுவதோடு மூட்டைத் தாங்கும் தசைகளையும் வலுவாக்குவதால், என் தேர்வு இவைதான். எனினும் முழங்கையோ முழங்காலோ பின்புறம் வளைந்த நிலையில் எடை தாங்க விடக்கூடாது. வலியோ களைப்போ தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.