லூப்பஸ் கூடுதா இல்லையா, எந்த பிளட் டெஸ்டை நம்புறது?

எனக்கு லூப்பஸ் (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கிற வருத்தம்) எண்டு சொல்லி ஆறு வருசம். வெள்ளவத்தையில இருந்து கிளினிக் போகேக்க ஒரு சீஆர் கொப்பியும் கூட வரும், திகதி போட்டு எல்லா ரிசல்ட்டும் அதில கோடு கீறி எழுதி வச்சிருக்கிறன்.

ஏஎன்ஏயை (உடம்பு தன்ர கலங்களின்ர கருவுக்கு எதிராவே செய்யிற எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற டெஸ்ட்) முதலே கழிச்சு விடுறன். அது வருத்தம் இருக்கா எண்டு பிடிக்க எடுக்கிறது, ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத வைத்தியர் சங்கங்கள் 2019 இல போட்ட லூப்பஸ் விதிமுறையில 1:80 ஆவது (ரத்தத்தை 80 மடங்கு ஐதாக்கினாலும் தெரியிற அளவு) இருந்தாத்தான் மிச்சக் கணக்கே பார்க்கிறது. பிடிச்சாப் பிறகு அது கூடினா என்ன குறைஞ்சா என்ன, திரும்பத் திரும்ப எடுத்தா காசுக்குத்தான் கேடு.

ஈஎஸ்ஆரா (ரத்தச் சிவப்பணு கீழ படியிற வேகம்) சிஆர்பியா (உடம்பில அழற்சி வந்தா ஈரல் விடுற புரதம்) எண்டா ரெண்டையும் சேர்த்துப் பார்க்கோணும். லூப்பஸ் கூடேக்க ஈஎஸ்ஆர் ஏறும், சிஆர்பி பெரும்பாலும் அசையாது, ஆனா ஈஎஸ்ஆர் ரத்தம் குறைஞ்சாலும் ஏறும், பிள்ளைத்தாச்சிக்கும் ஏறும், வயசு போனாலும் ஏறும். போன வருசம் காய்ச்சலோட ஈஎஸ்ஆர் 78, நான் லூப்பஸ்தான் எண்டு அழுதுகொண்டிருக்க, டொக்டர் சிஆர்பி 140 எண்டதைப் பார்த்திட்டு யூரின் கல்ச்சர் எடுத்தா, கடைசியில கிருமிதான். மூட்டு வீங்கினாலும் நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டினாலும் சிஆர்பி கூடும், அதையும் மறக்கக்கூடாது. (கொழும்பில காய்ச்சலும் பிளேட்லட் குறைவும் எண்டா எல்லாருக்கும் டெங்குதான், லூப்பஸும் பிளேட்லட்டைக் குறைக்கும் எண்டு வோர்ட்டில நாங்கள்தான் ஞாபகப்படுத்தோணும்.)

உண்மையான போட்டி டிஎஸ்டிஎன்ஏக்கும் (டிஎன்ஏக்கு எதிரா உடம்பு செய்யிற எதிர்ப்புப் பொருள்) சி3 சி4க்கும்தான் (எதிர்ப்புச் சக்திக்கு உதவுற ரத்தப் புரதங்கள்). டிஎஸ்டிஎன்ஏ சிலருக்கு வருத்தம் கூட முதலே ஏறும், சிலருக்கு வருசக்கணக்கா உச்சத்தில நிக்கும், ஆளுக்கு ஒரு கோதாரியும் இராது. லெப் மாறினா கதையே மாறும்: கிட்டக் கிடக்கு எண்டு வேற ஒரு லெப்பில குடுத்தன், நம்பர் பாதியா வந்துது, வீட்டில பாயாசம் காய்ச்சியாச்சு, டொக்டர் பார்த்திட்டு இது வேற மெதட் பிள்ளை, பழசோட ஒப்பிடேலாது எண்டிட்டா.

சி3 சி4 அப்படியில்லை, வருத்தம் கூடேக்க உடம்பே அதைச் செலவழிச்சு முடிக்கும், அதால குறையும், எனக்கு இதில நம்பிக்கை கூட. என்ர கொப்பியில சி3 95, 81, 64 எண்டு இறங்கி வந்த மாசங்களுக்குப் பிறகுதான் கால் வீங்கினது. ஆனா சிலருக்கு பிறப்பிலயே சி4 குறைவு, பிள்ளைத்தாச்சிக்கு ரெண்டும் இயல்பா கூடுறதால நோர்மல் எண்டு வந்தாலும் ஏமாறலாம்.

ஸ்லீடாய் (லூப்பஸ் எவ்வளவு கூடி நிக்குது எண்டு டொக்டர்மார் புள்ளி போடுற முறை) கணக்கில சி3 சி4 குறைஞ்சா 2 புள்ளி, டிஎஸ்டிஎன்ஏ கூடினா 2, யூரினில புரோட்டீன் போனா தனிய 4. கிட்னி பழுதாகேக்க ஒரு நோவும் தெரியாது, அதால காசு தட்டுப்பாடான மாசத்தில நான் டிஎஸ்டிஎன்ஏயைத்தான் விடுவன், யூரின் புரோட்டீனை விடமாட்டன்.