ஃப்ளாட்வவுண்ட்னு சொல்லி ஹாஃப் ரவுண்ட மாட்டி விட்டாங்க, பேஸ் வாசிக்கிறவங்க உஷார்

மக்களே, பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் வாங்கப் போறீங்கன்னா இதப் படிச்சிட்டுப் போங்க. கடை பேரு போடல, கம்ப்ளைண்ட் ஓடிட்டிருக்கு, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க.

நான் லைட் மியூசிக் ட்ரூப்ல வாசிக்கிறேன், பழைய பாட்டுதான் அதிகம். சாதாரணமா வர்ற ரவுண்ட்வவுண்ட்ல, அதாவது உருண்டைக் கம்பி சுத்துன ஸ்ட்ரிங்ல, விரல் நகரும்போதெல்லாம் கீச் கீச்னு ஒரு சத்தம், ரெக்கார்டிங் போட்டுக் கேட்டா அதுதான் முன்னாடி நிக்குது. ஃப்ளாட்ல நடுக் கம்பி மேல பட்டையான கம்பியச் சுத்தியிருப்பாங்க, மேல வழவழன்னு இருக்கும், நோட்டு தும் தும்னு உருண்டு வரும். அமெரிக்காவுல மோட்டவுன் கம்பெனி பாட்டுகள்ல பேஸ் கிட்டார் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் போட்டிருந்தது இந்த வகை ஸ்ட்ரிங்தான், லா பெல்லா பிராண்ட் ஹெவி செட், தடிமன் 52ல ஆரம்பிச்சு 110 வரைக்கும் (இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு), மனுஷன் அறுந்தாத்தான் மாத்துவாராம். ரவுண்டு மாதிரி சீக்கிரம் செத்துப் போகாது, வருஷக்கணக்கா ஓடும், அதான் நாலாயிரத்துச் சொச்சம் ஆனாலும் பரவால்லன்னு போனேன்.

சென்னைல நல்லா ஓடுற கடைதான். கவுண்டர்ல இருந்த பையன் "ஒரிஜினல் ஃப்ளாட்ணே, 45-105, லாங் ஸ்கேல், ஃப்ரீயாவே மாட்டித் தர்றோம்"னு (லாங் ஸ்கேல்னா ஸ்ட்ரிங் அதிர்ற நீளம் 34 இன்ச் இருக்கிற பேஸ்) சொல்லிட்டு பாக்கெட்டயும் பேஸையும் சேத்து உள்ள எடுத்துட்டுப் போயிட்டான், பிரிச்சது மாட்டுனது எல்லாமே உள்ளதான்.

வீட்டுக்கு வந்து வாசிச்சா அதே கீச். நகத்த ஸ்ட்ரிங் மேல நீளவாக்குல இழுத்துப் பாத்தேன், சர்ர்ருன்னு சத்தம் வருது. ஃப்ளாட்னா இப்படி நகத்துல மாட்டக் கூடாது. மொபைல் கேமராவ ஜூம் பண்ணிப் பாத்தா உருண்டைக் கம்பியச் சுத்திட்டு மேலாக்கத் தேச்சு விட்டிருக்கு, ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல பள்ளம் அப்படியே தெரியுது. இதுக்குப் பேரு ஹாஃப் ரவுண்ட், கிரவுண்ட்வவுண்ட்னும் சொல்வாங்க. மட்டமான ஸ்ட்ரிங்னு சொல்ல வரல, ஆனா நான் காசு குடுத்தது இதுக்கில்லயே.

அதோட போச்சா? ஜி ஸ்ட்ரிங்ல ட்யூனிங் கீக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பழைய வளைவு இருக்கு, ஏற்கெனவே வேற ஏதோ பேஸ்ல சுத்திக் கழட்டுனது. ஈ ஸ்ட்ரிங்க வளைக்காமலே வெட்டியிருக்காங்க, முனைல சுத்துக் கம்பி பிரிஞ்சு நிக்குது. முதல்ல 90 டிகிரி மடிச்சிட்டு அப்புறந்தான் வெட்டணும், இல்லன்னா சுத்துக் கம்பி நழுவிடும், நோட்டு டொக்குனு செத்துடும். எனக்கு அதேதான் ஆச்சு, ட்யூனிங்கும் நிக்கல.

திரும்பப் போய்க் கேட்டா ஓனர் "மாட்டுன ஸ்ட்ரிங்க ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்"ங்கிறாரு. மாட்டுனது உங்க ஆளுதானேன்னேன். உடனே "ஹாஃபோ ஃப்ளாட்டோ சவுண்டு ஒண்ணுதான் சார், வாசிக்க வாசிக்க வழவழப்பாயிடும்"னு எனக்கே பாடம். அட்டைப்பெட்டியக் குடுங்கன்னா குப்பைல போட்டாச்சாம். பில்லுல வெறும் "பேஸ் ஸ்ட்ரிங் 1 செட்"னுதான் இருக்கு, பிராண்ட் இல்ல சைஸ் இல்ல, இது தெரியாம நடக்குற வேலையா சொல்லுங்க.

"நோ ரிட்டர்ன்"னு போர்டு மாட்டிட்டா சட்டம் மாறிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறை உள்ள பொருள பில்லுல போட்டிருக்கிற நாளுக்குள்ள திரும்ப எடுத்துக்கணும், பில்லுல எதுவும் போடலன்னா 30 நாள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிச்சுப் பதிவு பண்ணிட்டேன், வளைவு, பள்ளம், வெட்டுன முனை எல்லாத்தையும் க்ளோசப்ல ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

நீங்க வாங்கும்போது சீல உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, பெட்டிய விட்டுட்டு வராதீங்க. இம்போர்ட் பண்ண பாக்கெட்னா இறக்குமதி பண்ணவங்க பேரு, அட்ரஸ், எம்ஆர்பி இருந்தாகணும். பில்லுல பிராண்ட், ஃப்ளாட்வவுண்ட், சைஸ், ஸ்கேல் நாலும் எழுத வைங்க. ஸ்கேல் ரொம்ப முக்கியம், 34 இன்ச்சுக்கான செட்ட 30 இன்ச் பேஸ்ல மாட்டுனா தடிச்ச பாகம் ட்யூனிங் கீ மேல சுத்தி அங்கயே உடைய வாய்ப்பிருக்கு. பேஸோட கழுத்து வளையுமோன்னு பயந்தா டென்ஷன், அதாவது இழுவிசை, கம்மியா உள்ள தோமாஸ்டிக் ஜேஎஃப் 344 ஃப்ளாட் செட்டப் பாருங்க, 43-100, விலைதான் கண்ணக் கட்டும்.

நேத்து கடைல இருந்து ஃபோன், பாதிக் காசு போட்டா வேற செட் தர்றாங்களாம். முழுக் காசும் வரணும், ஈ ஸ்ட்ரிங்க வெட்டுனவன இனிமே யார் பேஸையும் தொட விடாதீங்கன்னு சொல்லி வச்சிட்டேன்.