கையுறையா, கிளவுஸா?

போன மாதம் ஒரு சிறிய மருத்துவமனைக்காகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். துப்புரவுப் பணியாளர்கள் ரப்பர் உறையைக் கையில் எப்படி மாட்டுவது, எப்படிக் கழற்றுவது என்பதுதான் விஷயம். முதல் வரியிலேயே முட்டிக்கொண்டேன். கையுறை என்று எழுதுவதா, கிளவுஸ் என்றா?

பேச்சில் போட்டியே இல்லை. மருந்துக்கடையில் கையுறை கேட்டால், கடைக்காரர் ஒரு நொடி விழித்துவிட்டு "ஓ, கிளவுஸா?" என்பார். கிரிக்கெட்டிலும் அப்படித்தான். மட்டையைப் பிடித்திருக்கும் கையின் கிளவுஸும் விதிப்படி மட்டையில் சேர்த்தி. அதில் உரசிய பந்தை கீப்பர் பிடித்தால் அவுட். அங்கே போய்க் கையுறை என்றால் யாருக்கும் ரசிக்காது.

சரி, எல்லோருக்கும் தெரிந்த சொல்லே இருக்கட்டும் என்று கிளவுஸிலேயே தொடங்கினேன். கழற்றும் முறைக்கு வந்ததும் சிக்கியது. அழுக்குப் பட்ட வெளிப்புறம் வெறும் தோலில் படக்கூடாது. அதனால் ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். இடது கையில் இருப்பதை மணிக்கட்டருகே வலது கையால் வெளிப்புறமாகப் பிடித்து, உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். உரித்ததை வலது உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வெறும் விரலை மற்றதன் விளிம்புக்குள் நுழைத்து அதையும் புரட்டினால், முதலாவது இரண்டாவதற்குள் அடங்கிவிடும்.

இதைக் கிளவுஸ் போட்டு எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது பன்மை. நாம் ஒருமையை அங்கேயே விட்டுவிட்டுப் பன்மையை மட்டும் தூக்கி வந்துவிட்டோம். "ஒரு கிளவுஸ்" என்றால் ஒற்றையா, ஜோடியா? "இரண்டு கிளவுஸ் போடவும்" என்றால் இரண்டு கைக்குமா, அறுவை அரங்கில் சிலர் செய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்றா? கிளவுஸ்கள் என்று எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை. சாக்ஸுக்கும் இதே கதைதான், ஆனால் ஒற்றை சாக்ஸ் தொலைந்தால் கிருமி பரவாது.

கையுறையில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்று என்றால் கையுறை, பல என்றால் கையுறைகள், சேர்த்துச் சொன்னால் ஒரு ஜோடி. "இடது கையுறையை வலது கையுறைக்குள்" என்று எழுதியதும் வாக்கியம் தானாக நடந்தது. எழுத்துக்கூட்டலும் ஒன்றே, மற்றதை கிளவுஸ், க்ளவுஸ், குளோவ்ஸ் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள்.

செயற்கையான சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தலையணை உறை, கத்தி உறை எல்லாம் வீட்டில் புழங்கும்போது கைக்கு மட்டும் உறை ஆகாதா? ஜெர்மன்காரர்கள் 'கைச் செருப்பு' என்ற பொருளில் ஹாண்ட்ஷூ என்கிறார்கள், அதற்கு நம்முடையது எவ்வளவோ தேவலை. கையுறைக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு, காணிக்கை. குறுந்தொகையின் முதல் பாட்டுக்குத் துறையே 'தோழி கையுறை மறுத்தது'தான். தலைவன் கொண்டுவந்த காந்தள் பூவை, எங்கள் மலையிலேயே அது நிறைய இருக்கிறது என்று தோழி திருப்பி அனுப்புகிறாள். மருத்துவமனைச் சுவரில் இதைப் பார்த்து யாரும் குழம்பப் போவதில்லை.

ஒரே ஒரு அறிவிப்பு எழுதிய அனுபவத்தில்தான் சொல்கிறேன். எதிரே நின்று விளக்குபவருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். ஒட்டிய அன்றே பார்த்தேன். மேற்பார்வையாளர் அம்மா அறிவிப்பின் முன் நின்று, "இந்தக் கிளவுஸைப் பிடிச்சு இப்படி உரிக்கணும், அப்புறம் அந்தக் கிளவுஸ்" என்று இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் புரிந்தது.