42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கிளட்ச்சைக் கருக்கிய ரீமேப் கடை

பெங்களூரில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இன்று காலைதான் சர்வீஸ் சென்டரில் கிளட்ச்சைக் கழற்றிக் காட்டினார்கள். பிளேட்டில் லைனிங் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கிளட்ச் ஒட்டிச் சுழலும் ஃப்ளைவீல் சூட்டில் நீலம் பாரித்துக் கிடக்கிறது.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், மேனுவல் கியர். ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் வாங்கப் போனபோது ஒருவர் ரீமேப் கடைக்கு, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி இழுவையைக் கூட்டும் கடைக்குக் கைகாட்டினார். பெயர் வேண்டாம். ஓனர் தமிழர். "எந்த ஊருங்ணா?" என்றார். சத்தியமங்கலம் என்றதும் "அட, நமக்குக் கோபிங்ணா" என்று டீ வரவழைத்தார். அந்த டீயில்தான் விழுந்தேன். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "பாருங்ணா, இதே 2.8 லிட்டர் இஞ்சின் ஆட்டோமேட்டிக்ல 500 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுக்குது. உங்க மேனுவல்ல 420தான். கம்பெனிக்காரன் கட்டிப்போட்டு வெச்சிருக்கான், நான் அவுத்து விடறேன்."

டார்க் என்றால் இஞ்சினின் முறுக்கு விசை. கணக்கு சரிதான். ஏன் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தாங்குகிற அளவுக்குள் இஞ்சினை நிறுத்தி வைப்பதுதான் டார்க் மேனேஜ்மென்ட். கிளட்ச் தாங்குமா என்று நான் கேட்காமல் இல்லை. "நம்ம வண்டியாட்டம் பாத்துச் செய்யறேங்ணா" என்றார். 42,000 ரூபாயை ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்குங்ணா?"

முதலில் வண்டி பறந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அப்புறம் ஒருநாள் தூறலில், சில்க் போர்டு பக்கம், காலி வண்டி, இரண்டாவது கியரில் லேசாக மிதித்ததற்கே பின்பக்கம் வாலாட்டியது. டூ வீல் டிரைவில் இழுப்பதெல்லாம் பின்சக்கரம். லோடு இல்லாவிட்டால் அதன்மேல் எடையும் இல்லை. சக்கரம் பிடிமானமில்லாமல் சுழன்றால், வழுக்கலைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் பிரேக் பிடித்து, இஞ்சினிடம் டார்க்கைக் குறைக்கச் சொல்லும். அரைகுறை ரீமேப்பில் இஞ்சின் கம்ப்யூட்டர் போடும் டார்க் கணக்கே பொய்யாகிவிடும், எவ்வளவு குறைப்பது என்று அதற்கே தெரியாது என்கிறார் சர்வீஸ் சென்டர் மெக்கானிக்.

கடைசியில் திம்பம் மலைப்பாதை. தேங்காய் லோடு, பண்ணாரியிலிருந்து ஏற்றம். ஆர்பிஎம் முள் மேலே போகிறது, வண்டி போகவில்லை; கிளட்ச் வழுக்குகிறது. கருகல் நாற்றம் கேபினுக்குள் வந்துவிட்டது. 27 கொண்டை ஊசி வளைவில் பாதியில் நின்றால் பின்னால் வரும் லாரிக்காரன் என்னவெல்லாம் சொல்வான் என்று உங்களுக்கே தெரியும்.

கோபிக்காரருக்கு போன் போட்டால், "நாளைக்கு வாங்கண்ணா." நாளைக்குப் போனால் ஆள் இல்லை, "சாரு ஹொரகடெ ஹோகிதாரெ" (சார் வெளியே போயிருக்கார்) என்கிறான் கடைப் பையன். பிறகு "நீங்க ஓட்டற விதம் அப்படி" என்று மெசேஜ். சரி, கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய மென்பொருளை, அந்த ஸ்டாக் ஃபைலையாவது ஏற்றிக்கொடு என்றேன். அந்த லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணிவிட்டாராம்! 42,000 வாங்கியவருக்கு ஒரு பென்டிரைவ் கிடைக்கவில்லை. இப்போது நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். ரீமேப் செய்த வண்டிக்கு கிளட்ச் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டரிலும் சொல்லிவிட்டார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ஸ்டாக் ஃபைல் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். எந்த கியரில் எவ்வளவு டார்க் என்று எழுதி வாங்குங்கள். பில் தராத கடையில் டீ குடிக்காதீர்கள். 42,000 ரூபாய்க்காக நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதே கடையில் மாட்டியவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாங்க.