மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர்: சந்தை போடும் விலையும் வைத்திருப்பவர் அறியும் மதிப்பும்

எல் 322 என்ற குறியீட்டால் அறியப்படும், லேண்ட் ரோவர் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவர் சொகுசு வண்டி, 2002 முதல் 2012 வரை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. புதிதாக வந்தபோது 40,000 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்ட இந்த வண்டி, இன்று பிரிட்டனில் ஓடும் நிலையிலேயே சில ஆயிரம் பவுண்டுக்குக் கிடைக்கிறது. அதே வயதுடைய டொயோட்டா லேண்ட் குரூசருக்கு இதைவிடப் பல மடங்கு விலை கேட்கிறார்கள்.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் எளிது. வண்டியின் விலை இறங்கியதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலையும் பழுதுபார்ப்பவரின் கூலியும் இறங்கவில்லை. சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றால் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனின் காற்றுப் பைகள் வயதாகிக் கசியத் தொடங்கினால், இழந்த காற்றை ஈடுசெய்ய, காற்றை நிரப்பும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி, அதுவும் பழுதாகிவிடும். கியர்பாக்ஸ் போய்விட்டால் அதைச் சீரமைக்கும் செலவு வண்டியின் சந்தை விலையையே எட்டிவிடும். இதற்கு மேல், யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை வெளியீட்டுத் தரத்தை எட்டாத டீசல் வண்டிகள் லண்டனுக்குள் ஓட நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் இந்த விதி நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்துகிறது. வாங்க வருபவர் இவ்வளவையும் கணக்கிட்டுத்தான் விலை சொல்கிறார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இங்கே அப்படியே நடக்கிறது: முழு வண்டிக்குக் கிடைக்கும் தொகை, பிரித்து விற்றாலும் ஏறக்குறையத் தேறிவிடுவதால், நல்ல வண்டிகள்கூட உடைப்புக் கிடங்குகளுக்குப் போகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வருத்தத்தின் காரணம், ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நிற்பது 2007ஆம் ஆண்டில் பதிவான 3.6 லிட்டர் டீசல் வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்டது. உயரமான இருக்கையில் அமர்ந்தால் பானெட்டின் இரு ஓரங்களும் கண்ணுக்குத் தெரிவதால், இவ்வளவு பெரிய வண்டியை வேல்ஸின் குறுகிய கிராமச் சாலைகளில்கூட நம்பிக்கையுடன் செலுத்த முடிகிறது. பள்ளம் மேடுகளை அது கடக்கும் விதத்தில் ஒரு நிதானம் இருக்கிறது. பின்னால் உறங்குபவர் விழிப்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி தாழ்ந்து கொடுக்கும். மூட்டுவலியால் மற்ற உயரமான வண்டிகளில் ஏற மறுக்கும் என் அம்மா, இதில் மட்டும் யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி அமர்கிறார். மேலும் கீழுமாக இரண்டாகத் திறக்கும் பின்கதவின் கீழ்ப்பலகை பெரியவர்கள் உட்காரும் அளவுக்கு உறுதியானது. பிள்ளைகள் அதில் அமர்ந்து சாப்பிட்டே வளர்ந்தார்கள். விலை கேட்டு வருபவரின் கணக்கில் இவை எதற்கும் இடமில்லை. அது அவர் தவறும் அல்ல.

வாங்க நினைப்பவர்கள் எந்த எஞ்சின் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் கீழ் வடிவமைக்கப்பட்டு, 2000இல் லேண்ட் ரோவர் நிறுவனத்தோடு ஃபோர்டு கைக்கு மாறி, 2008இல் டாடாவிடம் வந்து சேர்ந்த வரலாறு பானெட்டுக்குள்ளேயே தெரிகிறது. தொடக்க ஆண்டுகளின் 3 லிட்டர் பிஎம்டபிள்யூ டீசல், ஏறத்தாழ இரண்டரை டன் எடையை இழுக்கத் திணறும். அதன் கியர்பாக்ஸுக்கும் நல்ல பெயர் இல்லை. 4.4 லிட்டர் பிஎம்டபிள்யூ பெட்ரோல் வி8 இனிமையானது, ஆனால் எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் சங்கிலியின் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் தேய்வதும் குளிர்நீர் கசிவதும் அதில் அறியப்பட்ட குறைகள். 2006 இறுதியில் வந்த 3.6 டீசல் வி8தான் என் தேர்வு. ஒன்றை மறக்கக் கூடாது: 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டிகளுக்குச் சாலை வரியில் உச்சவரம்பு உண்டு, அதற்குப் பின் பதிவானவற்றுக்கு ஆண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கட்ட நேரும்.

பார்க்கப் போகும்போது, வண்டியை இரவு முழுவதும் சமதளத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லி, காலையில் ஏதாவது ஒரு மூலை தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பின்சக்கர வளைவுகளிலும் பின்கதவின் விளிம்பிலும் துரு தேடுங்கள். ஏர் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் பொருத்திய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் இந்த வண்டியை வைத்திருப்பதன் பாதிப் பயன் அதோடு போய்விடுகிறது. கையிருப்பு முழுவதையும் வாங்கும் விலைக்கே செலவிடப் போகிறவர்கள் இதை நாட வேண்டாம். குறைந்தது அதே அளவு தொகையாவது பழுதுகளுக்கென ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சந்தை மதிப்பு இவ்வளவு தாழ்ந்துவிட்டதால், கதவும் முன்விளக்கும் நசுங்கும் அளவிலான சிறு மோதலுக்கே காப்பீட்டு நிறுவனம் வண்டியை முழு இழப்பு என்று தீர்மானித்து, சிறு தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிடக்கூடும். பழைய வண்டிகளுக்கென உள்ள காப்பீடுகள் சிலவற்றில், மதிப்பை முன்கூட்டியே பேசி எழுத்தில் உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. ஒளிப்படங்களையும் சர்வீஸ் ரசீதுகளையும் இணைத்து, அடுத்த புதுப்பிப்பின்போதே அதைக் கேட்டு வாங்குங்கள்.