நாப்தலீனைச் சுத்தம் செய்ய: எத்தனாலா, ஆவியா?

இந்த வருடம் இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்புக்கு, பாச்சை உருண்டை செய்யப் பயன்படும் நாப்தலீனை எந்த வழியில் சுத்தம் செய்யச் சொல்வது என்று நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ராமநாதபுரம் கடலோரத்தில், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் ஆய்வகம் எங்களுடையது. எத்தனாலில் கரைத்து மறுபடி படிகமாக்குவது ஒரு வழி, திடப்பொருளை நேரே ஆவியாக்கிக் குளிர்ந்த இடத்தில் படியவிடும் பதங்கமாதல் இன்னொரு வழி. இரண்டையும் செய்து பார்த்துவிட்டுப் பதங்கமாதல் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மறுபடிகமாக்கல் பார்க்க அழகானது. சூடான எத்தனாலில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, ஐஸில் குளிரவைத்தால் தகடு தகடாகப் பளபளவென்று படிகம் இறங்கும். ஐஸுக்கு இங்கே பஞ்சமில்லை, மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் பாரிலிருந்து ஒரு துண்டு போதும். எத்தனாலுக்குத்தான் உரிமம், கணக்கு நோட்டு என்று தனி வேலை. அதையும் சமாளித்துவிடலாம்.

உலர்த்துவதில்தான் மாட்டிக்கொண்டோம். எத்தனால் ஆவியாகும்போது படிகம் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வாடை வீசும் மாதங்களில் வடிதாள் மறுநாளும் நமத்துப்போய்க் கிடந்தது. சரி, இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று திறந்தே வைத்தால், நாப்தலீனே ஆவியாகி எடை குறைகிறது! ஈரம் உறிஞ்சும் பொருள் போட்ட மூடிய கண்ணாடிப் பாத்திரமான டெசிகேட்டரில் வைக்கலாம்தான், ஆனால் உள்ளே அதற்காகப் போட்ட கால்சியம் குளோரைடு நாலைந்து முறை திறந்து மூடியதுமே கசிந்து கூழாகிவிட்டது. ஈரப் படிகம் 76 டிகிரியிலேயே உருக ஆரம்பித்தது. சுத்தமான நாப்தலீன் 80 டிகிரியை ஒட்டி உருக வேண்டும்.

பதங்கமாதலில் உலர்த்தும் வேலையே கிடையாது. பீங்கான் கிண்ணத்தில் மாதிரி, மேலே ஊசியால் துளையிட்ட வடிதாள், அதன்மேல் கவிழ்த்த புனல், காம்பில் பஞ்சு. தீயைச் சிறிதாக வைத்து, புனலைச் சுற்றி ஈரத்துணி போட்டால், உள்சுவரில் பனிபோல் படியும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சுடர் ஆடும். சுரண்டி எடுத்ததை அப்படியே நுண்குழாயில் அடைத்துப் பார்த்தோம், 79-லிருந்து 80-க்குள் உருகிவிட்டது.

குறையும் உண்டு. ஐந்து கிராமுக்கு மேல் போனால் பொறுமை போய்விடும். மணல், உப்பு போன்றவை கிண்ணத்திலேயே தங்கிவிடும். ஆனால் கற்பூரமோ பென்சாயிக் அமிலமோ கலந்திருந்தால் அதுவும் கூடவே மேலேறும். அப்போது எத்தனாலைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன். நாப்தலீனைப் போன்ற இன்னொரு சேர்மமான ஆந்த்ரசீனை இந்த முறையில் ஒரே ஒரு தடவைதான் தொட்டேன், அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன்.

அப்புறம், மாதிரிக்குக் கடையில் பாச்சை உருண்டை வாங்குகிறவர்கள் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். சிலவற்றில் இருப்பது பாரா-டைகுளோரோபென்சீன். அது 53 டிகிரியிலேயே உருகிவிடும்.