இண்டக்‌ஷனா, இன்ஃப்ராரெட்டா? முதல்ல பாத்திரத்தை பாருங்க

இந்த ரெண்டு கரண்ட் அடுப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுன்னே தெரியாது, அதே கறுப்பு கண்ணாடி, அதே பட்டன். உள்ளதான் வேற. இண்டக்‌ஷன்ல கண்ணாடிக்கு அடியில செம்புக் கம்பிச் சுருள் (காயில்) இருக்கு, அதுல நொடிக்கு 20,000 தடவைக்கு மேல முன்னும் பின்னுமா கரண்ட் மாறி மாறி ஓடுது, அதுல உண்டாகுற காந்தப்புலம் பாத்திரத்தோட அடியையே சூடாக்கிடும். இன்ஃப்ராரெட்ல கம்பி செக்கச்செவேல்னு பழுத்து, அந்த சூடு கண்ணாடி வழியா மேல ஏறுது.

அதனாலதான் இன்ஃப்ராரெட்ல அலுமினியம், செம்பு, மண்சட்டின்னு அடி தட்டையா இருந்து சூடு தாங்குற எதையும் வைக்கலாம். இண்டக்‌ஷன்ல காந்தம் ஒட்டுற பாத்திரம் மட்டும்தான். எவர்சில்வர்னாலே ஓடும்னு நம்பி வாங்கிடாதீங்க, சில வகைல காந்தம் ஒட்டவே ஒட்டாது, ஒரு காந்தத்தை பாத்திரத்தோட அடியில (பக்கவாட்டுல இல்ல) வெச்சு பாருங்க, டப்புனு பிடிச்சா சரி, வழுக்குனா வேலைக்கு ஆகாது.

வேகத்துல இண்டக்‌ஷனை அடிச்சுக்க முடியாது. அதைவிட எனக்கு பிடிச்சது, பால் பொங்கி விளிம்புக்கு வரும்போது ஆஃப் பண்ணா அப்படியே அடங்கிடும், இன்ஃப்ராரெட்ல பட்டனை அமுக்கினாலும் கண்ணாடில சூடு நிக்கிறதால பால் வழிஞ்சுதான் அடங்கும், பாத்திரத்தை தூக்கி எடுத்தாதான் உண்டு. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்ல அந்த கண்ணாடி ரொம்ப நேரம் கொதிக்கிறது நிஜமாவே ஆபத்து. இண்டக்‌ஷன் கண்ணாடியும் பாத்திரத்தோட சூட்டுல சுடும்தான், ஆனா சீக்கிரம் ஆறிடும்.

சிம்ல வைக்கிறதுல மட்டும் இன்ஃப்ராரெட் ஒரு படி மேல. விலை கம்மியான இண்டக்‌ஷன் நிறைய, குறைஞ்ச சூட்டுல விட்டு விட்டுதான் ஓடும், சில நொடி தளதளன்னு கொதிக்கும், அப்புறம் சுத்தமா அடங்கும், கெட்டியா கிண்டுற எதுவும் அடிப்பிடிக்கும். வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காம காயில் எவ்ளோ அகலம்னு கேளுங்க, காயில் சின்னதா இருந்தா பெரிய பாத்திரத்துல நடுவுல கருகும், ஓரத்துல வேகாது.

2000 வாட்னா ரெண்டுக்குமே பவர் சாக்கெட் வேணும், மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். சமைச்சு முடிச்சதும் அடுப்புக்குள்ள ஓடுற ஃபேன் நிக்கிற வரைக்கும் மெயின் சுவிட்சை அணைக்காதீங்க. பேஸ்மேக்கர் வெச்சவங்க இருந்தா டாக்டரை கேட்டுட்டு இண்டக்‌ஷன் வாங்குங்க.

என் ஓட்டு இண்டக்‌ஷனுக்குதான். வீட்ல இருக்கிறதுல முக்கால்வாசி பாத்திரம் காந்தத்துல தேறலைன்னா மட்டும் இன்ஃப்ராரெட் பக்கம் போங்க, நடுவுல இரும்புத் தட்டு வெச்சு இண்டக்‌ஷன்ல அலுமினியத்தை ஓட்டுறது எல்லாம் கரண்டுக்குத்தான் தண்டம்.